பூனையைக் கடைசியாகப் பாருங்கள்: குவாண்டம் அடிப்படைகளைப் படிக்க ஒரு வழி

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து, ஒளிமின் விளைவுக் கணக்கெல்லாம் போட்டு, பரீட்சையும் எழுதி முடித்த பிறகும் "சரி, இந்தக் குவாண்டம் உலகத்தைப் பற்றி உண்மையில் என்னதான் சொல்கிறது?" என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் கம்பஸ் போய்ப் பௌதிகம் படித்தவன் இல்லை. திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்து இரவில் படித்தவன். அதனால் இது தட்டுத்தடுமாறி வந்தவன் சொல்லும் வழி, பிழைவிட்ட இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் பிழை, நான் ஷ்ரோடிங்கரின் பூனையில் தொடங்கியது, பெட்டிக்குள் ஒரு பூனை உயிரோடும் செத்தும் சேர்ந்தே இருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் கற்பனைப் பரிசோதனை. வீடியோ மேல் வீடியோ. பல உலகங்கள், சமாந்தரப் பிரபஞ்சம், பார்க்கும்போது மாறும் துணிக்கை... இரண்டு வருடம் போனது. டச் பே கடற்கரையில் கச்சான் சுருளோடு உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலம் இதைப் பற்றிப் பேசுவேன், கேட்பவர்களும் வாய் பிளந்து கேட்பார்கள். ஒருநாள் மூதூர்ச் சிநேகிதன் ஒருவன், அவன் கம்பஸில் பௌதிகம் படித்தவன், மணலில் இரண்டு கோடு கீறி, "ஒரு போட்டன் இந்தக் கோட்டுத் திசையில் முனைவாக்கப்பட்டு வருகிறது, வடிகட்டியை இதற்கு 30 பாகையில் வைத்தால் தாண்டுவதற்கு நிகழ்தகவு எவ்வளவு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பல உலகங்களை விளக்கத் தெரிந்தவனுக்கு ஒற்றை வடிகட்டிக்கு விடை தெரியவில்லை. (போட்டன் என்றால் ஒளியின் ஒற்றைத் துணிக்கை. முனைவாக்கம் என்றால் ஒளி ஒரே திசையில் அதிரும்படி ஆக்குவது, வடிகட்டி அந்தத் திசை ஒன்றை மட்டும் விடும். விடை கோசைன் 30இன் வர்க்கம், அதாவது முக்கால்.)

அன்றைக்கு அவன் சொன்ன ஒழுங்கில்தான் மறுபடி தொடங்கினேன்: முதலில் இரண்டே நிலைகள் உள்ள ஒரு சின்னத் தொகுதியைக் கையால் கணக்குப் போட்டுப் பழகு, அப்புறம் இரண்டு துணிக்கைகளுக்குப் போ, ஜோன் பெல் என்ற பௌதிகவியலாளர் சொன்னதை நீயே கடதாசியில் நிறுவு, அதற்குப் பிறகு வியாக்கியானங்களை, அதாவது இந்தக் கணக்கு உலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்ற விளக்கங்களைத் திற. பூனை கடைசி.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாடப்புத்தகத்தில் இலத்திரன், இந்தியத் தமிழில் எலக்ட்ரான். நம் சிக்கலெண் அவர்களுக்குக் கலப்பெண், நம் தாயம் அவர்களுக்கு அணி, நம் காவி அவர்களுக்குத் திசையன், நம் தலையீடு அவர்களுக்குக் குறுக்கீடு. குவாண்டத்துக்கே நம் பழைய புத்தகங்களில் சொட்டு என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. தமிழில் தேடிப் படிக்கிறவர் பாதி நேரம் இதிலேயே தொலைந்துபோவார். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு நம் சொல், இந்தியச் சொல், ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள், ஒரு நாற்பது சொல் சேர்ந்தால் போதும். ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது, நல்லதெல்லாம் அதில்தான் கிடக்கிறது. ஆனால் இந்தத் துறையின் ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் மாதிரிக் கஷ்டம் இல்லை, திரும்பத் திரும்ப அதே நாற்பது சொல்தான்.

கணிதம் எவ்வளவு வேண்டும்? பயந்த அளவுக்கு இல்லை. இணைந்த கணிதம் செய்தவர்களிடம் சிக்கலெண்ணும் காவியும் ஏற்கெனவே இருக்கிறது. உயிரியல் பிரிவுக்காரர் என்றால் ஒரு மாதம் ஒதுக்குங்கள். இரண்டு எண்களை ஒரு நிரலில் எழுதிய காவி, அப்படி இரண்டு காவிகளின் எண்ணிப் பெருக்கம், இரண்டுக்கு இரண்டு தாயத்தைக் காவியால் பெருக்குவது, நிகழ்தகவு. தொடக்கத்துக்கு இவ்வளவுதான். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வகையீட்டுச் சமன்பாடாக எழுதி ஐதரசன் அணுவைத் தீர்ப்பது அருமையான வேலைதான், ஆனால் அது இரசாயனத்துக்குப் போகிற பாதை. அடிப்படைகளில் உள்ள புதிரின் சாரம் இரண்டு நிலைத் தொகுதிகள் ஒன்றிரண்டிலேயே இருக்கிறது, ஐதரசன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது கண்ணாடி. நிலாவெளிப் பக்கம் படகோட்டுகிறவர்கள் நீர்மேல் அடிக்கும் கூச்சத்தை வெட்டுவதற்காகப் போடுகிற முனைவாக்கும் கண்ணாடி தெரியும்தானே, அப்படி இரண்டு வேண்டும். போலரைஸ்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் நம்பாதீர்கள், கடையிலேயே ஒரு கல்குலேட்டர் திரைக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை கறுப்பாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் அது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். (நான் ஒன்று வாங்கி ஏமாந்தேன்.)

வீட்டுக்கு வந்து கல்குலேட்டர் அல்லது பழைய லப்டொப் திரைக்கு முன்னால் ஒரு கண்ணாடியைத் திரை இருளும் கோணத்தில் பிடியுங்கள். ஒளி வரவில்லை. இப்போது திரைக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டாவது கண்ணாடியை 45 பாகை சரித்து நுழையுங்கள். தடுக்கிற பொருள் ஒன்று கூடியிருக்கிறது, ஆனால் ஒளி வருகிறது. கணக்கு எளிது. நடுக் கண்ணாடியைத் தாண்டுவது பாதி, ஏனென்றால் கோசைன் 45இன் வர்க்கம் அரை. தாண்டியது இப்போது 45 பாகையில் முனைவாக்கப்பட்டிருக்கிறது, அதிலிருந்து கடைசிக் கண்ணாடிக்கு மறுபடி 45 பாகை, மறுபடி பாதி. மொத்தம் கால் பங்கு. கண்ணாடி நிறம் கொஞ்சத்தைக் குடித்துவிடும், அதனால் கண்ணுக்கு அதைவிட மங்கலாகத்தான் தெரியும்.

ஒரு நேர்மையான குறிப்பு, இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த வீடியோக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன்: இந்தப் பரிசோதனையில் மட்டும் குவாண்டம் இல்லை. ஒளியைச் சாதாரண அலையாக எடுத்தாலும் இதே கால் பங்குதான் வரும், மாலூசின் விதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒளியைக் குறைத்துக் குறைத்து ஒரு நேரத்தில் ஒரு போட்டன் என்று அனுப்பும்போதுதான் விஷயம் மாறுகிறது. போட்டன் பாதியாகத் தாண்டாது. முழுசாகத் தாண்டும், இல்லாவிட்டால் முழுசாக நிற்கும். அலைக்குப் பங்காக இருந்த எண் இங்கே நிகழ்தகவாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை 1926இல் எழுதியவர் மக்ஸ் போர்ன், நம் கைக்கு முதலில் வந்து சேரும் உண்மையான குவாண்டம் விதி அதுதான்.

கண்ணாடிகளைக் கீழே வைக்க முதல் ஒரு பயிற்சி. நடுவில் ஒன்றுக்குப் பதிலாகப் பல வடிகட்டிகளைச் சம இடைவெளியில் சரித்து வைத்து, 90 பாகைக்குப் படிப்படியாகப் போனால் எவ்வளவு தாண்டும்? கடைசியையும் சேர்த்து 30 பாகைப் படியாக மூன்று வைத்தால் 42 வீதம். 10 பாகைப் படியாக ஒன்பது வைத்தால் கிட்டத்தட்ட 76 வீதம். வடிகட்டியைக் கூட்டக் கூட்ட ஒளி கூடுகிறது! அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் ஒரு நிலையை நாம் விரும்பிய பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம், அல்லது அசையவிடாமல் பிடித்தும் வைக்கலாம். இந்த விளைவுக்கு 1977இல் கிரேக்கத் தத்துவஞானி சீனோவின் பெயரை வைத்தவர்கள் மிஸ்ராவும் சுதர்சனும். சுதர்சன் கேரளத்தில் பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்.

இனி வருவது இந்த வழியின் இதயம், அவசரப்படாதீர்கள். கோட்டைக்குள் திரியும் மான்கள் இரவில் ரவுணுக்குள் வரும், எல்லோருக்கும் தெரியும். ஒரு மான் இப்போது கோவில் மேட்டிலா, டச் பே பக்கமா என்று எனக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி என்கிறேன். அது என் அறியாமை, மான் எங்கேயோ ஒரு இடத்தில் இருக்கிறது. 45 பாகையில் முனைவாக்கிய ஒரு போட்டனும் நிலைக்குத்து வடிகட்டியில் பாதிக்குப் பாதிதான். அப்படியானால் அதுவும் மான் மாதிரி, உள்ளுக்குள் நிலைக்குத்தாகவோ கிடையாகவோ ஏதோ ஒன்றாக இருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியாது என்று சொல்லலாமா?

சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பை எடுங்கள். முதல் பையில் எல்லாம் 45 பாகைப் போட்டன்கள். இரண்டாவது பையில் பாதி நிலைக்குத்து, பாதி கிடை, கலந்து கிடக்கிறது. நிலைக்குத்து வடிகட்டியில் இரண்டு பையும் 50 வீதம், வித்தியாசம் பிடிக்க முடியாது. வடிகட்டியை 45 பாகைக்குத் திருப்புங்கள். முதல் பையில் ஒவ்வொன்றும் தாண்டும், நூற்றுக்கு நூறு. இரண்டாவதில் மறுபடி பாதிதான், கிடையோ நிலைக்குத்தோ எதுவாக இருந்தாலும் 45 பாகை வடிகட்டியைத் தாண்டும் நிகழ்தகவு அரை என்பதால். ஆகவே முதல் பை இரண்டாவது பை இல்லை. மேற்பொருந்திய நிலையை, அதாவது நிலைக்குத்தும் கிடையும் கூட்டி எழுதப்படும் இந்த 45 பாகை மாதிரி நிலையை, "ஏதோ ஒன்று, தெரியவில்லை" என்று மொழிபெயர்க்க முடியாது. அதற்காக "இரண்டாகவும் ஒரே நேரத்தில்" என்று மொழிபெயர்ப்பதும் எனக்குப் பிடிக்காது, அது வெறும் வாய்ச்சவடால். 45 பாகை என்பது தன்னளவில் ஒரு முழு நிலை, நிலைக்குத்துக் கேள்விக்கு அதனிடம் நிச்சயமான பதில் இல்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு பைக் கணக்கைக் காவிகளாக எழுதி நீங்களே போட்டுப் பாருங்கள். இது கைக்கு வந்தால், பின்னால் வரும் சண்டையில் பாதி எதைப் பற்றி என்று புரிந்துவிடும்.

அடுத்து இரண்டு துணிக்கை, இதற்கு ஆளும் இரண்டு வேண்டும். நானும் அந்த மூதூர்ச் சிநேகிதனும் விளையாடிய விளையாட்டு இது. நான் திருகோணமலை இறங்குதுறையில், அவன் கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில், போன் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம், அது தலையா பூவா என்று பார்த்து "வெள்ளை" அல்லது "கறுப்பு" என்று ஒரு பதிலைக் கொப்பியில் எழுதுகிறோம். பிறகு சந்தித்து ஒப்பிடுவோம். விதி இதுதான்: இருவருக்கும் தலை விழுந்த சுற்றில் பதில்கள் வேறுபட்டால் வெற்றி, மற்ற மூன்று விதத்திலும் பதில்கள் ஒத்தால் வெற்றி. முதல்நாள் உட்கார்ந்து என்ன திட்டமும் போடலாம்.

எப்பவும் வெல்லும் திட்டம் உண்டா? இல்லை, நிறுவுவதற்கு நாலு வரி போதும். என் பூப்பதில் அவனுடைய பூப்பதிலோடு ஒக்க வேண்டும், அவனுடைய தலைப்பதிலோடும் ஒக்க வேண்டும். என் தலைப்பதில் அவனுடைய பூப்பதிலோடு ஒக்க வேண்டும். அப்படியானால் நாலு பதிலும் ஒன்றேதான். ஆனால் இரண்டு தலைப்பதிலும் வேறுபட வேண்டும் என்கிறது விதி, முரண். ஆக நாலில் ஒன்று எப்படியும் தோற்கும், உச்சம் 75 வீதம். நம்பாவிட்டால் மொத்தம் 16 திட்டங்களையும் அட்டவணை போட்டுப் பாருங்கள், ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று திட்டத்தை மாற்றினாலும் சராசரி 75ஐத் தாண்டாது.

இப்போது நாணயம் விழுந்த பிறகு ஆளுக்கொரு சிக்குண்ட போட்டனை (இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிலை எழுதப்படும் சோடியில் ஒன்றை) வடிகட்டியால் அளந்து, தாண்டினால் வெள்ளை, நின்றால் கறுப்பு என்று எழுதலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோணங்களில் அளந்தாலும், இரண்டு பேருடைய விளைவும் ஒத்துப்போகும் நிகழ்தகவு கோணவித்தியாசத்தின் கோசைன் வர்க்கம், அப்படி ஒரு சோடி. நான் பூவுக்கு 0 பாகையிலும் தலைக்கு 45 பாகையிலும் அளக்கிறேன். அவன் பூவுக்கு 22.5, தலைக்கு மறை 22.5. மூன்று விதத்தில் வித்தியாசம் 22.5 பாகை, இரண்டும் தலையானால் 67.5. இருமடிக்கோணச் சூத்திரத்தைப் போட்டால் நாலு விதத்திலும் வெற்றி நிகழ்தகவு 0.854. எழுபத்தைந்துக்கு மேலே, எண்பத்தைந்து!

1964இல் பெல் கண்டது இதன் கரு. இந்த வடிவம் 1969இல் குளோசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் எழுதிய சமனிலியிலிருந்து வருவது. அவர்கள் வேறு அளவில் எழுதினார்கள், அதில் நம் 75க்கு ஈடான பழைய எல்லை 2, நம் 85க்கு ஈடான குவாண்டம் எல்லை 2√2. 1972இல் ஃப்ரீட்மனும் குளோசரும், 1981, 82இல் அஸ்பேயின் குழுவும் அளந்தார்கள், முடிவைத் தட்டிக்கழிக்க இடம் கொடுத்த முக்கிய ஓட்டைகளை ஒரே பரிசோதனையில் அடைத்த அளவீடுகள் 2015இல் வந்தன, 2022இல் அஸ்பே, குளோசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல். இயற்கை 75இல் நிற்கவில்லை. நாம் போட்ட நாலு வரி நிறுவலில் எங்கோ ஒரு ஊகம் இயற்கையில் பொய். எது என்று தேடிப் பாருங்கள், இரண்டு நாள் எடுங்கள். பதில்கள் முன்னமே இருந்தன என்பதா? என் நாணயம் அவன் பதிலைத் தொடாது என்பதா? நாணயம் எதையும் சாராமல் விழுகிறது என்பதா? ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்கிறேன், இதை வைத்து மூதூருக்குச் செய்தி அனுப்ப முடியாது. அவன் பக்கத்து எண்களை மட்டும் பார்த்தால் எப்போதும் பாதிக்குப் பாதிதான், நான் எந்தக் கோணத்தில் அளந்தாலும் அதில் ஒரு தடயமும் விழாது.

இவ்வளவும் கையால் செய்த பிறகு வியாக்கியானங்களைத் திறங்கள். பட்டியல் நீளம், மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். தத்துவஞானி டிம் மோட்லின் 1995இல் வைத்த ஒரு முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று கூற்று: அலைச்சார்பு (தொகுதியின் நிலையை எழுதும் கணிதச் சார்பு) ஒரு தொகுதியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்கிறது. அது எப்போதும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படியே, நேரியல்பாக மாறுகிறது. அளவீட்டுக்கு ஒரே ஒரு நிச்சயமான விளைவு உண்டு. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. புதுசாக எந்த வியாக்கியானத்தைக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது, இதில் எதை விட்டுக்கொடுக்கிறாய் என்றுதான்.

டேவிட் போம் (1952, அவருக்கு முன் 1927இலேயே டி புரோக்ளி) முதலாவதை விட்டார்: அலைச்சார்போடு துணிக்கைக்கு நிச்சயமான இடமும் உண்டு, அலை அதை வழிநடத்தும். படம் போட்டுக் காட்டக்கூடிய, தெளிவான கொள்கை. விலை, மூதூரில் உள்ள துணிக்கையின் ஓட்டம் இங்கே நடப்பதை அந்தக் கணமே சார்ந்திருக்கும். கிராடி, ரிமினி, வெபர் மூவரும் 1986இல் இரண்டாவதை விட்டார்கள்: அலைச்சார்பு தானாகவே அரிதாகச் சரியும், ஒரு துணிக்கைக்குச் சுமார் 30 கோடி வருடத்துக்கு ஒரு தடவை. தனி இலத்திரனில் அது தெரியவே தெரியாது, ஆனால் பத்தின் 23ஆம் அடுக்குத் துணிக்கைகள் உள்ள ஒரு பொருளில் வினாடிக்கு ஒரு கோடி சரிவு. எனக்கு இதில் பிடித்தது, இதைப் பரிசோதனையில் பிழை என்று காட்டக்கூடும் என்பது. எவரெட் (1957) மூன்றாவதை விட்டார்: எல்லா விளைவும் நடக்கிறது, முன்னால் சொன்ன பல உலகங்கள் இதுதான். சமன்பாட்டில் கைவைக்கவில்லை, ஆனால் எல்லாமே நடந்தால் 0.854 என்ற நிகழ்தகவுக்கு என்ன அர்த்தம் என்று அவர் கட்சிக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பன்ஹேகன் வியாக்கியானம் என்று ஒரே கட்சி கிடையாது, நீல்ஸ் போர் சொன்னதும் ஹைசன்பர்க் சொன்னதும் ஒன்றில்லை. அலைச்சார்பை உலகத்தின் படமாக எடுக்காமல், என் எதிர்பார்ப்புகளின் கணக்குக் கொப்பியாக எடுக்கிற கியூபிசக்காரர்கள் (QBism, ஓவியக் கியூபிசம் இல்லை) முடிச்சையே வேறு இடத்தில் பிடிக்கிறார்கள், அவர்களைக் கடைசியில் படியுங்கள், முதலில் படித்தால் எல்லாம் வார்த்தை விளையாட்டாகத் தெரியும். எனக்கு எந்தக் கட்சி என்று கேட்டால், திங்கட்கிழமை போம், வெள்ளிக்கிழமை எவரெட்.

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் பூனையைப் பார்க்கலாம். 1935இல் ஷ்ரோடிங்கர் அதை எழுதியது "பூனை இரண்டாகவும் இருக்கிறது, என்ன அதிசயம்" என்று வியக்க இல்லை, இந்தக் கணக்கை அப்படியே பூனைவரை இழுத்தால் இப்படி அபத்தமாக முடிகிறதே என்று குறைசொல்ல. இரண்டு பைக் கணக்கைப் போட்டவருக்கு அந்தக் குறை உடனே புரியும். பூனை காற்றோடும் வெப்பத்தோடும் சிக்குண்டு கிடப்பதால் அதை இரண்டாவது பையிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகிறது, இதை ஒத்திசைவிழப்பு என்பார்கள். ஆனால் பிரித்தறிய முடியவில்லை என்பதும் பூனை ஒன்றாகிவிட்டது என்பதும் வேறு வேறு. "ஒத்திசைவிழப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது" என்று யாராவது சொன்னால், மூன்று கூற்றில் எதை விட்டீர்கள் என்று கேளுங்கள்.

சில குழிகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "பார்வையாளர்" என்றால் கண்ணுள்ள மனிதன் என்று அர்த்தம் இல்லை, பதிவு விழுந்தால் போதும். இரண்டு துணிக்கைகளின் அலைச்சார்பு நம் முப்பரிமாண வெளியில் ஓடும் அலை இல்லை, அது ஆறு பரிமாண வெளியில் எழுதப்படுவது, அதனால் டச் பே அலையைக் காட்டி எல்லாவற்றையும் விளக்குகிறவரிடம் கவனமாக இருங்கள். அப்புறம், இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும் என்கிற பேச்சு. கோணேசர் கோவிலுக்குப் போகிறவன்தான் நானும். அணு என்ற சொல் நம்மிடம் பழசு, சரி. ஆனால் அந்த 22.5 பாகைக் கணக்கு எந்தப் பாட்டிலும் இல்லை, அதை உட்கார்ந்துதான் போட வேண்டும்.

வாசிக்க என்ன? கால்டெக் நிறுவனம் ஃபைன்மனின் விரிவுரைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, மூன்றாம் தொகுதியின் முதல் சில அத்தியாயங்கள் போதும். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியமும் இலவசம், வியாக்கியானங்களுக்கு அதைவிட நிதானமான இடம் எனக்குத் தெரியாது. இரண்டு மூலக் கட்டுரைகளை மட்டும் போட்டோக்கொப்பி அடித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஐன்ஸ்டைன், பொடொல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935இல் எழுதியது நாலு பக்கம், பெல் 1964இல் எழுதியது ஆறு பக்கம். முதலில் நாலு பக்கத்தைப் படித்து, ஐன்ஸ்டைன் பக்கம் நின்று, அவர் சொல்வது முழுக்கச் சரி என்று சிநேகிதனிடம் வாதாடுங்கள், தோற்கக்கூடாது என்று நினைத்து வாதாடுங்கள். ஒரு கிழமை விட்டு மற்ற ஆறு பக்கத்தை எடுங்கள். அதில் கையொடிக்கும் தொகையீடு ஒன்று வரும், அங்கே நின்றுவிடாதீர்கள், இறங்குதுறை விளையாட்டின் நாலு வரியை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு தாண்டிப் போங்கள்.